எக்ஸ்பாக்ஸா, பிளேஸ்டேஷனா, ஸ்விட்ச்சா: கணினியில் எந்தக் கன்ட்ரோலர், எந்த இணைப்பு?

கன்சோலோடு வந்த கன்ட்ரோலர் கையில் இருக்கும்போது கணினிக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் ஒன், பிளேஸ்டேஷன் 4, நின்டெண்டோ ஸ்விட்ச் காலம் தொட்டு வந்த கன்ட்ரோலர்கள் அத்தனையையும் கணினியில் ஓட்டிவிடலாம். ஆனால் ஒன்று செருகியவுடன் ஓடும், இன்னொன்று ஸ்டீம் என்ற கேம் கடைச் செயலி திறந்திருந்தால் மட்டும் ஓடும், மூன்றாவது ஓடினாலும் பட்டன்கள் இடம் மாறிக் கிடக்கும். ஏன் இப்படி என்பது தெரிந்துவிட்டால், இருப்பதை வைத்துச் சமாளிப்பதா புதிதாக வாங்குவதா என்ற முடிவு தானாக வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் வாசல் எக்ஸ்இன்புட்

விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரோடு பேசுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. பழையது டைரக்ட்இன்புட். எந்தச் சாதனத்தையும் அது ஏற்கும். ஆனால் "பட்டன் 1, பட்டன் 2" என்று எண்களாக மட்டும் பார்க்கும். எது குதிப்பது, எது சுடுவது என்று ஆட்டக்காரரே உட்கார்ந்து ஒதுக்க வேண்டும். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்த காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது எக்ஸ்இன்புட். இதில் கன்ட்ரோலரின் உருவம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது: இரண்டு ஸ்டிக், 0 முதல் 255 வரை அழுத்தம் காட்டும் இரண்டு ட்ரிகர், டி-பேடின் நான்கு திசைகளையும் சேர்த்து 14 பட்டன், இரண்டு அதிர்வு மோட்டார். ஒரே நேரத்தில் 4 கன்ட்ரோலர் வரை. அவ்வளவுதான்.

இந்தக் குறுகிய வரையறைதான் கணினியில் கன்ட்ரோலர் ஆட்டத்தை எளிதாக்கியது. கேம் எழுதுபவருக்கு எந்தப் பட்டன் எங்கே என்ற சந்தேகமே இல்லை. அதே வரையறைதான் தடையும் ஆனது. கைரோ (கன்ட்ரோலரைச் சாய்ப்பதையும் திருப்புவதையும் உணரும் கருவி), டச்பேட், பின்புறத் துடுப்புகள், ட்ரிகருக்குள் இருக்கும் அதிர்வு, எதற்கும் எக்ஸ்இன்புட்டில் இடமில்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரின் ட்ரிகர்களில் மைக்ரோசாஃப்ட்டே வைத்த தனி மோட்டார்கள்கூட, எக்ஸ்இன்புட் வழியாக மட்டும் பேசும் கேம்களில் அசையாமல் கிடக்கும்.

எனவே "எந்தக் கன்ட்ரோலர் சிறந்தது" என்று தொடங்குவதைவிட, இந்த 14 பட்டன் சட்டகத்துக்கு வெளியே உங்களுக்கு ஏதாவது தேவைப்படுகிறதா என்று கேட்டுத் தொடங்குவது சரி. தேவையில்லை என்றால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோ அதன் வழியில் செய்த வேறு நிறுவனத்துக் கன்ட்ரோலரோ போதும். கைரோவால் குறிவைக்க வேண்டும், கேமில் நடப்பதற்கேற்ப இறுகும் ட்ரிகர் வேண்டும் என்றால் சோனி பக்கம் போக வேண்டும். கூடவே கொஞ்சம் அமைப்பு வேலையும் பார்க்க வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ்: செருகு, ஆடு

கேபிளைச் செருகினால் விண்டோஸ் 10, 11 இரண்டும் டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். மேலே எந்த மென்பொருளும் வேண்டாம். கேம் எந்தக் கடையில் வாங்கியதாக இருந்தாலும், திரையில் வரும் பட்டன் படங்களும் கையில் இருக்கும் எழுத்துகளும் பொருந்தும். தொந்தரவில்லாத தேர்வு இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் எல்லாம் ஒன்றல்ல என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2013-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் ப்ளூடூத் கிடையாது. மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வயர்லெஸ் முறை மட்டுமே. 2016-இல் ஒன் எஸ் கன்சோலோடு வந்ததிலிருந்துதான் ப்ளூடூத் சேர்ந்தது. கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். நடுவிலுள்ள எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியிருக்கும் பகுதி முகப்பின் அதே மங்கலான பிளாஸ்டிக்காகத் தொடர்ந்தால் ப்ளூடூத் உண்டு. மேல் தோள் பட்டன்களோடு சேர்ந்த பளபளப்பான தனித் துண்டாக இருந்தால் இல்லை. பழைய கன்ட்ரோலரைக் கைமாற்றி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 2020-இல் வந்த சீரிஸ் எக்ஸ், எஸ் கன்ட்ரோலரில் நடுவே ஷேர் பட்டன் இருக்கும், மேலே யூஎஸ்பி-சி துளை இருக்கும்; அதற்கு முந்தைய வழக்கமான கன்ட்ரோலர்கள் மைக்ரோ யூஎஸ்பி.

மின்சாரம் இரண்டு ஏஏ பேட்டரிகளிலிருந்து. சிலருக்கு இது பழங்காலமாகத் தெரியலாம். நான் இதை நிறையாகவே எண்ணுகிறேன். உள்ளே அடைத்த பேட்டரி சில ஆண்டுகளில் தேயும், ஏஏ பேட்டரியை நொடியில் மாற்றிவிடலாம். ரீசார்ஜ் ஆகும் 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரிகளும் ஓடும். கேபிளில் மட்டுமே ஆடுபவர் பேட்டரிகளை முழுவதும் கழற்றிவிடலாம். கை எடை குறையும்.

குறை என்று சொன்னால் கைரோ இல்லை. அதைப் பற்றிக் கவலைப்படாதவருக்குக் குறையே இல்லை.

பிளேஸ்டேஷன்: அதிகம் தரும், அதிகம் கேட்கும்

டூயல்ஷாக் 4, 2013-இல் வந்தது, டூயல்சென்ஸ் 2020-இல். இரண்டிலும் கைரோ, டச்பேட், ப்ளூடூத் உண்டு. இரண்டும் எக்ஸ்இன்புட் பேசாது. கணினியில் செருகினால் விண்டோஸ் அவற்றைப் பொதுவான டைரக்ட்இன்புட் சாதனமாகத்தான் பார்க்கும். அதனால் ஓடும் முறைகள் மூன்று.

முதலாவது, கேமே நேரடியாக பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை ஆதரிப்பது. அப்போதுதான் திரையில் முக்கோணமும் வட்டமும் வரும். டூயல்சென்ஸின் இறுகும் ட்ரிகரும் நுண்ணதிர்வும் வேலை செய்யும். இரண்டாவது, ஸ்டீம் இடையில் நின்று மொழிபெயர்ப்பது. மூன்றாவது, டிஎஸ்4விண்டோஸ் போன்ற தனி மென்பொருள் ஒரு போலி எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரை உருவாக்கிக் கேமுக்குக் காட்டுவது. பின்னிரண்டில் கேம் பார்ப்பது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை என்பதால், பெரும்பாலான கேம்கள் ஏ, பி, எக்ஸ், ஒய் எழுத்துகளையே காட்டும். பட்டன் படத்தைப் பார்த்து ஆடப் பழகியவருக்கு முதல் சில நாள் தடுமாற்றம் இருக்கும்.

டூயல்சென்ஸை வாங்கும் காரணமே அந்த ட்ரிகர்தான் என்றால் மூன்று செய்திகளைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கேம் அதற்கென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு மென்பொருளால் இல்லாத ஒன்றை வரவழைக்க முடியாது. ஆதரிக்கும் கேம்களிலும் பல, கேபிள் இணைப்பில் மட்டுமே முழு வசதியைத் தரும். காரணம், நுண்ணதிர்வு கணினியிலிருந்து கன்ட்ரோலருக்கு ஒலியாகத்தான் போய்ச் சேருகிறது. டூயல்சென்ஸ் யூஎஸ்பியில் நான்கு சேனல் ஒலிக்கருவியாகப் பதிவாகும். அதில் இரண்டு சேனல் ஒலிபெருக்கிக்கும் ஹெட்செட்டுக்கும், மற்ற இரண்டும் இடது வலது அதிர்வுக்கு. விண்டோஸில் ப்ளூடூத் இணைப்பில் இந்த ஒலிக்கருவி தோன்றாது. கன்ட்ரோலரின் ஹெட்போன் துளையும் கேபிளில் மட்டும் வேலை செய்வது இதே காரணத்தால்தான். மூன்றாவது, அந்தக் கேமுக்கு மட்டும் ஸ்டீமின் மொழிபெயர்ப்பை அணைக்க வேண்டிவரும். லைப்ரரியில் கேமின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கன்ட்ரோலர் என்று போனால் அணைக்கும் தேர்வு இருக்கும்.

இதிலிருந்தே ஒரு வழக்கமான குழப்பமும் பிறக்கிறது. டூயல்சென்ஸைக் கேபிளில் செருகியதும் கணினியின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். விண்டோஸ் கன்ட்ரோலரையே புதிய ஒலிக்கருவியாகத் தேர்ந்தெடுத்துவிட்டது, அவ்வளவுதான். ஒலி அமைப்பில் போய் பழைய ஸ்பீக்கரை மறுபடி தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோலரின் ஒலிக்கருவியை முடக்கிவிடாதீர்கள்; முடக்கினால் நுண்ணதிர்வும் போய்விடும்.

டூயல்சென்ஸின் பேட்டரி 1560 மில்லியாம்ப்-மணி, டூயல்ஷாக் 4-இல் 1000. எண்ணைப் பார்த்தால் பெரியதாகத் தெரிந்தாலும், ஏஏ பேட்டரியில் ஓடும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் தாங்கும் நேரத்தை இரண்டுமே எட்டாது. மேசையில் கேபிளோடு ஆடுபவருக்கு இது பொருட்டல்ல.

ஸ்விட்ச் ப்ரோ: கையில் இருந்தால் சரி, இதற்காக வாங்க வேண்டாம்

2017-இல் வந்த ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் பிடிக்க இதமானது, 1300 மில்லியாம்ப்-மணி பேட்டரி நெடுநேரம் நிற்கும், கைரோ உண்டு. ஆனால் அதன் இசட்எல், இசட்ஆர் ட்ரிகர்கள் வெறும் பட்டன்கள்; அழுத்தினது அல்லது அழுத்தாதது, நடுவில் எதுவுமில்லை. கார் பந்தய கேமில் ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிக்கும் அல்லது விட்டுவிடும். வளைவில் பாதி மிதிக்க வழியே இல்லை. இதை எந்த மென்பொருளும் திருத்தாது, வன்பொருளே அப்படி.

ஏ-யும் பி-யும், எக்ஸும் ஒய்யும் எக்ஸ்பாக்ஸுக்கு நேர் எதிராக இடம் மாறியிருக்கும். ஸ்டீமின் கன்ட்ரோலர் அமைப்பில் நின்டெண்டோ பட்டன் அமைப்பைப் பயன்படுத்தும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் எழுத்து பொருந்தும், ஆனால் இடம் மாறும். போடாமல் விட்டால் இடம் பொருந்தும், எழுத்து மாறும். இடம் பொருந்துவதே நல்லது. கேம்கள் விரல் போகும் இடத்தை நினைத்துத்தான் பட்டன்களை ஒதுக்குகின்றன.

கேபிளில் செருகினால் விண்டோஸ் பெயரைக் காட்டும், பட்டன் எதுவும் அசையாது. கன்ட்ரோலர் பழுது என்று நினைக்க வேண்டாம். யூஎஸ்பியில் கணினி முதலில் சில கட்டளைகளை அனுப்பி வைத்த பிறகே இது பட்டன் தகவலை அனுப்பும். ஸ்டீம் அந்த வேலையைச் செய்கிறது, விண்டோஸ் செய்வதில்லை. ஸ்விட்ச்சோடு வரும் சிறு கன்ட்ரோலர்களான ஜாய்-கான்களும் ப்ளூடூத்தில் இணையும். ஆனால் இடது ஒன்று, வலது ஒன்று என்று தனித்தனியாக இணைத்து, ஸ்டீமில் ஜோடியாக்க வேண்டும்.

பழையவையும் பிற நிறுவனத்தவையும்

கேபிள் உள்ள எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் இன்றைக்கும் செருகினால் ஓடும். வயர்லெஸ் 360 கன்ட்ரோலர் மட்டும் ஏமாற்றும். அதற்கான சார்ஜ் கேபிள் மின்சாரம் மட்டுமே கொண்டுபோகும், தகவல் போகாது. கணினிக்கென்று தனி ரிசீவர் இல்லாமல் ஓடவே ஓடாது. டூயல்ஷாக் 3-ஐ ஓட்ட டிஎஸ்ஹிட்மினி என்ற டிரைவர் வேண்டும், ப்ளூடூத்துக்கு இன்னொரு டிரைவர். போலி டூயல்ஷாக் 3 நிறையப் புழங்குவதால் எது ஓடும் எது ஓடாது என்று சொல்வதற்கில்லை. கையில் இருந்து, பொறுமையும் இருந்தால் முயலலாம்.

பிற நிறுவனக் கன்ட்ரோலர்களில் இன்று நல்லவை உண்டு. அவற்றின் பெரிய வலிமை ஸ்டிக். எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ், ஸ்விட்ச் ப்ரோ மூன்றிலும் ஸ்டிக்கின் நகர்வை அளப்பது உராய்ந்து தேயும் பொட்டென்ஷியோமீட்டர். நாளடைவில் கை வைக்காமலேயே பாத்திரம் தானாக நகரத் தொடங்குவதற்கு இந்தத் தேய்மானம் முக்கியக் காரணம். காந்தத்தால் அளக்கும் ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர் ஸ்டிக்குகளில் அளக்கும் பகுதி ஒன்றையொன்று தொடாததால் அந்தத் தேய்மானம் இல்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது இயங்கு முறைகள். உதாரணத்துக்கு 8பிட்டோ ப்ரோ 2-இன் பின்புறம் ஸ்விட்ச், ஆப்பிள், டைரக்ட்இன்புட், எக்ஸ்இன்புட் என்று நான்கு நிலை காட்டும் ஒரு நகர்த்தி உண்டு. எக்ஸ்இன்புட்டில் வைத்தால் எல்லாக் கேமிலும் ஓடும், கைரோ போய்விடும். ஸ்விட்ச் நிலையில் வைத்தால் ஸ்டீமில் கைரோ வரும், ட்ரிகரின் பாதி அழுத்தம் போய்விடும், ஏனென்றால் ஸ்விட்ச் கன்ட்ரோலரில் அதற்கு இடமே இல்லை. இரண்டும் ஒருசேர வேண்டும் என்பவருக்கு டூயல்ஷாக் 4 அல்லது டூயல்சென்ஸ்தான் தொந்தரவு குறைந்த வழி. "கைரோ உண்டு" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிட்டுப் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கேபிள், ப்ளூடூத், டாங்கிள்

கேபிளுக்கு நிகர் எதுவுமில்லை: இணைப்பு அறாது, பேட்டரி கவலை இல்லை, டூயல்சென்ஸின் எல்லா வசதியும் வரும். தவறு நடப்பது கேபிளில்தான். மொபைல் சார்ஜர்களோடு வரும் சில கேபிள்களில் மின்சாரக் கம்பி மட்டும் இருக்கும், தகவல் கம்பி இருக்காது. கன்ட்ரோலர் சார்ஜ் ஆகிறது, கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் வேறெதையும் தொடுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். மொபைலிலிருந்து கணினிக்குப் படங்களை நகலெடுக்க உதவிய கேபிள் என்றால் அது தகவல் கேபிள் என்பது உறுதி.

ப்ளூடூத்தில் இணைக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. முதலில் விண்டோஸில் செட்டிங்ஸ், ப்ளூடூத், சாதனம் சேர் என்று போய்த் தேடலைத் திறந்து வையுங்கள். பிறகு:

- எக்ஸ்பாக்ஸ்: நடு பட்டனால் ஆன் செய்து, மேல் விளிம்பிலுள்ள சிறிய இணைப்புப் பட்டனை 3 நொடி அழுத்தவும். நடு விளக்கு வேகமாக மினுக்கும்.
- டூயல்ஷாக் 4: அணைந்த நிலையில் ஷேர், பிஎஸ் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவும். விளக்குப் பட்டை இரட்டை இரட்டையாக மினுக்கும்.
- டூயல்சென்ஸ்: அதேபோல் கிரியேட், பிஎஸ் இரண்டும்.
- ஸ்விட்ச் ப்ரோ: மேலே யூஎஸ்பி துளைக்குப் பக்கத்திலுள்ள சிறு சிங்க் பட்டன், கீழ் விளக்குகள் ஓடத் தொடங்கும்வரை.

பட்டனை மெதுவாகத் தட்டி எடுத்தால் கன்ட்ரோலர் பழைய கன்சோலைத் தேடிப் போகும்; பக்கத்து அறையில் பிளேஸ்டேஷன் தானாக ஆன் ஆகும். விளக்கு மினுக்கும் விதம் மாறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

கன்சோலுக்கும் கணினிக்கும் நடுவே அடிக்கடி மாறுபவர் கவனிக்க வேண்டியது நினைவுத்திறன். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலர் ஒரு எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் இணைப்பையும் ஒரு ப்ளூடூத் இணைப்பையும் சேர்த்து வைத்திருக்கும். இணைப்புப் பட்டனை இரண்டு முறை தட்டினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். டூயல்ஷாக் 4 கடைசியாக இணைந்த ஒன்றை மட்டும் நினைவில் வைக்கும். கன்சோலுக்குத் திரும்பும்போது கேபிளால் அதில் செருகி பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். டூயல்சென்ஸும் அப்படித்தான் இருந்தது. 2025-இல் வந்த ஃபர்ம்வேருக்குப் (கன்ட்ரோலருக்கு உள்ளேயே ஓடும் மென்பொருள்) பிறகு ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்களை நினைவில் வைக்கிறது. தினமும் மாறி மாறி ஆடுபவருக்கு இந்த ஒரு வசதியே தேர்வைத் தீர்மானித்துவிடலாம்.

டாங்கிள், அதாவது யூஎஸ்பியில் செருகும் சிறு வயர்லெஸ் ரிசீவர், என்று பார்த்தால் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர்தான் தனித்து நிற்கிறது. ஒரு அடாப்டரில் 8 கன்ட்ரோலர் வரை இணையும். கன்ட்ரோலரின் ஹெட்போன் துளையும் வயரில்லாமலே வேலை செய்யும். ப்ளூடூத்தில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இந்த ஒலியைத் தராது. 8 இணைந்தாலும் எக்ஸ்இன்புட் கேம் 4-ஐத்தான் பார்க்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆடும் வீட்டுக்கு இதுவே என் தேர்வு. ஒருவர் மட்டும் ஆடினால் ப்ளூடூத்தோ கேபிளோ போதும். தனியாக அடாப்டர் வாங்குவதில் அர்த்தமில்லை.

வயர்லெஸ் இணைப்பு விட்டுவிட்டு வந்தால் காரணம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல். யூஎஸ்பி 3 போர்ட்டும் அதில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் கக்கும். இன்டெல் 2012-இல் இதைப் பற்றியே ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. டாங்கிளைக் கணினியின் பின்புறம், இரும்புப் பெட்டியை ஒட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகுவதைவிட மோசமான இடம் இல்லை. ஒரு யூஎஸ்பி நீட்சிக் கேபிள் போட்டு மேசை மேல் கொண்டுவாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே அட்டையில் இருப்பதால் பெரிய கோப்பு இறங்கும்போது ஸ்டிக் திணறுவது இதனால்தான். சீரிஸ் கன்ட்ரோலர் பழைய ப்ளூடூத் டாங்கிளில் இணைந்து இணைந்து அறுந்தால், எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ் செயலியைத் திறந்து, கேபிளில் செருகி, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும். அப்போதும் அறுந்தால் டாங்கிளை மாற்றுவதே தீர்வு. டூயல்சென்ஸுக்குச் சோனியின் பிளேஸ்டேஷன் ஆக்சஸரீஸ் செயலி விண்டோஸில் கிடைக்கிறது. அதற்கும் கேபிள் வேண்டும்.

ஸ்டீமா, டிஎஸ்4விண்டோஸா?

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

ஸ்டீமில் வாங்கிய கேம்கள்தான் பெரும்பாலும் என்றால் ஸ்டீமே போதும், வேறு எதையும் நிறுவாதீர்கள். செட்டிங்ஸ், கன்ட்ரோலர் என்று போனால் பிளேஸ்டேஷனுக்கும் ஸ்விட்ச் ப்ரோவுக்கும் தனித்தனித் தேர்வுகள் இருக்கும். அதன் உண்மையான பலம் கைரோவை மவுஸாக்குவதில் இருக்கிறது. வலது ஸ்டிக்கால் பெரிய திருப்பத்தையும் மணிக்கட்டால் நுண்ணிய குறியையும் பிரித்துக்கொள்ளலாம். ஸ்டிக்கைத் தொடும்போது மட்டும், அல்லது இடது ட்ரிகரை அழுத்தும்போது மட்டும் கைரோ இயங்கும்படி வைப்பது நல்லது. எப்போதும் ஓடவிட்டால் கை சற்று அசைந்தாலும் பார்வை அலையும். சில கேம்கள் மவுஸும் கன்ட்ரோலரும் ஒரே நேரத்தில் வருவதைத் தாங்காமல் பட்டன் படங்களைப் படபடவென மாற்றிக்கொண்டே இருக்கும். அங்கே எல்லாப் பட்டனையும் விசைப்பலகை விசைகளாகவே மாற்றி அமைப்பதுதான் வழி.

வேறு கடையில் வாங்கிய கேமையும் "நான்-ஸ்டீம் கேம் சேர்" வழியாக லைப்ரரியில் போட்டு, ஸ்டீமிலிருந்து தொடங்கினால் இதே வசதி கிடைக்கும். ஆனால் அந்தக் கேம் தன் லாஞ்சரைத் திறந்து, லாஞ்சர் கேமைத் தனியாகத் தொடங்கினால் ஸ்டீமின் பிடி நழுவிவிடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் கேம்களில் இந்த வழி பெரும்பாலும் கை கொடுக்காது. டிஎஸ்4விண்டோஸ் தேவைப்படுவது அங்கேதான். அது வைஜெம்பஸ் என்ற டிரைவரின் மேல் நிற்கிறது. 2023-இல் அந்த டிரைவரின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. இருந்தாலும் வேலை செய்கிறது.

இதில் அடிக்கடி வரும் நோய் இரட்டை உள்ளீடு. ஒரு தட்டு தட்டினால் மெனு இரண்டு வரி தாவும். இருவர் ஆடும் கேமில் ஒரே கன்ட்ரோலர் இரண்டு ஆட்டக்காரர்களாகத் தெரியும். உண்மையான கன்ட்ரோலரையும் போலியையும் கேம் ஒருசேரப் பார்ப்பதே காரணம். ஹிட்ஹைட் என்ற டிரைவரை நிறுவி, அதன் அனுமதிப் பட்டியலில் டிஎஸ்4விண்டோஸைச் சேர்த்து, உண்மையான கன்ட்ரோலரை மறைத்துவிடுங்கள். கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். டிஎஸ்4விண்டோஸ் ஓடும்போது ஸ்டீமின் பிளேஸ்டேஷன் ஆதரவை அணைத்துவையுங்கள். இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் பெயர்த்தால் கேட்பவருக்கு என்ன மிஞ்சுமோ, அதுதான் கேமுக்கும் மிஞ்சும்.

என்ன ஆடுகிறீர்கள் என்பதே கடைசிக் கேள்வி

கார் பந்தயத்துக்கு எக்ஸ்பாக்ஸ் அல்லது டூயல்சென்ஸ். ஸ்விட்ச் ப்ரோ வேண்டாம். சுடும் கேமில் மவுஸுக்கு நிகராக எதுவும் வராது. ஆனாலும் சோபாவில் சாய்ந்து ஆடவேண்டும் என்றால் கைரோவுள்ள டூயல்சென்ஸோ டூயல்ஷாக் 4-ஓ ஸ்டிக்கை மட்டும் நம்புவதைவிடப் பல மடங்கு மேல். சண்டைக் கேம்களுக்கும் பழைய இருபரிமாணக் கேம்களுக்கும் டி-பேட் முக்கியம். அங்கே சோனியின் நான்கு தனி விசைகள் கட்டைவிரலுக்கு எது எந்தத் திசை என்று தெளிவாகச் சொல்லும். சீரிஸ் கன்ட்ரோலரின் வட்ட டி-பேடும் மோசமில்லை, கிளிக் சத்தம் மட்டும் உரக்கக் கேட்கும்.

எக்ஸ்இன்புட்டுக்கு முந்தைய பழைய கேம்கள் தனி வகை. அவை டைரக்ட்இன்புட் மட்டும் அறிந்தவை. அங்கே எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் இரண்டு ட்ரிகரும் ஒரே அச்சாகத் தெரியும். இடதை அழுத்தினால் ஒரு பக்கம், வலதை அழுத்தினால் மறுபக்கம், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றையொன்று அடித்து நடுவில் நிற்கும். ஸ்டார்ட் மெனுவில் "செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்" என்று தேடித் திறக்கும் விண்டோஸ் சோதனைப் பலகையிலும் இதே காட்சிதான். பழுதென்று கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். டூயல்ஷாக் 4-இல் இரண்டு ட்ரிகரும் தனித்தனி அச்சு என்பதால், இந்தப் பழைய கேம்களில் அது எக்ஸ்பாக்ஸைவிட நன்றாகவே பொருந்தும்.

லினக்ஸில் நிலைமை சோனிக்கும் நின்டெண்டோவுக்கும் சாதகம். டூயல்சென்ஸுக்கான சோனியின் டிரைவர் 5.12 கெர்னலிலிருந்தும், ஸ்விட்ச் ப்ரோவுக்கானது 5.16-லிருந்தும் உள்ளேயே இருக்கிறது. கேபிளில் எக்ஸ்பாக்ஸும் சிக்கலின்றி ஓடும். ப்ளூடூத்தில் முழு வசதிக்கு எக்ஸ்பேட்நியோ, மைக்ரோசாஃப்ட் அடாப்டருக்கு எக்ஸோன் என்று தனி டிரைவர்களை நிறுவ வேண்டிவரும். மேக்கில் 2019-இன் கேட்டலினாவிலிருந்து ப்ளூடூத் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரும் டூயல்ஷாக் 4-உம் இணையும். டூயல்சென்ஸுக்கு பிக் சர் 11.3 தேவை.

பழைய கன்ட்ரோலரைக் கைமாற்றி வாங்குபவர் பணம் கொடுக்கும் முன் மேலே சொன்ன சோதனைப் பலகையிலேயே பார்த்துவிடலாம். ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளி மெல்ல விடுங்கள், பிறகு சட்டென்று விடுங்கள். நான்கு திசையிலும் செய்யுங்கள். கூட்டல் குறி ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத் திரும்ப வேண்டும். நடுவிலிருந்து சற்று விலகி நின்றால் கேமின் டெட்சோன் (நடுவிலுள்ள சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லை) அமைப்பை 10 சதவீதம்வரை ஏற்றிச் சமாளிக்கலாம். கை எடுத்த பிறகும் அது துடித்துக்கொண்டே இருந்தால் அளக்கும் பகுதி தேய்ந்துவிட்டது. எந்த அமைப்பும் உதவாது, பற்றை உருக்கி ஸ்டிக் பாகத்தையே கழற்றிவிட்டுப் புதிது பற்றவைக்க வேண்டும். அடுத்து ட்ரிகர்களை மிக மெதுவாக அழுத்துங்கள்: அளவு படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் தாவக்கூடாது. கடைசியாகக் கேபிளைத் துளையில் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். டூயல்ஷாக் 4-இன் மைக்ரோ யூஎஸ்பி துளை தளர்ந்து இணைப்பு போய்ப் போய் வந்தால், கேபிளில் ஆடும் எண்ணத்தை விட்டுவிட்டு ப்ளூடூத்துக்கென்றே அதை வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.